நிலம் வாங்குறதுக்கு முன்னாடி அஞ்சு நாள் லீவு போடுங்க



ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பதினோரு மணி. மறுநாள் காலையில ஸ்டேட்டஸ் மீட்டிங். அந்த நேரத்துல நீங்க என்ன மாதிரி வீடியோ பார்ப்பீங்கன்னு எனக்குத் தெரியும். நானும் அதையேதான் பார்த்துக்கிட்டிருந்தேன். வேலையை விட்டுட்டு கிராமத்துக்குப் போன ஒருத்தர். மண் வீடு, வாசல்ல ரெண்டு நாட்டு மாடு, பெடல் மிதிச்சா தண்ணி கொட்டுற பம்ப், பின்னணியில புல்லாங்குழல். பார்த்து முடிச்சதும் நம்ம லேப்டாப் பையைப் பார்த்தாலே வெறுப்பா இருக்கும்.

எனக்கு அது வீடியோவோட நிக்கல. எக்செல் வரைக்கும் போச்சு. வந்தவாசி பக்கம் ஒரு ஏக்கர், கிணறு இருக்கு, புரோக்கர் தினமும் போன் பண்றார், "தீபாவளிக்குள்ள அட்வான்ஸ் போட்டுடுங்க சார், இன்னொரு பார்ட்டி வந்து நிக்குது." வேலையை விட்டுட்டு பி.எஃப் பணத்தை முழுசா எடுத்துடலாம், மிச்சத்துக்கு பர்சனல் லோன். இதுதான் என் பிளான். மாசாமாசம் உங்களுக்கு எஸ்ஐபி பத்தியும் எமர்ஜென்சி ஃபண்ட் பத்தியும் பேசுற இதே ஆள்தான். அப்போ என் சர்வீஸ் நாலு வருஷம் ஏழு மாசம். அஞ்சு வருஷம் தொடர்ந்து சர்வீஸ் முடியறதுக்குள்ள பி.எஃப்பை எடுத்தா அதுக்கு வரி வேற உண்டு. அது தெரிஞ்சும் எடுக்கத் தயாரா இருந்தேன்.

அந்த எக்செல்ல ஒரு வரி இருந்துச்சு. "களை எடுப்பு – நானே – ரூ.0."

இந்தப் பதிவே அந்த ஜீரோவைப் பத்தித்தான். கனவு தப்புன்னு சொல்ல வரல. வரிசை தப்புன்னு சொல்றேன். நாம முதல்ல பணத்தைப் போடுறோம், அப்புறம் கத்துக்கலாம்னு நினைக்கிறோம். முதல்ல கையால ஒரு தடவை செஞ்சு பார்த்துட்டு, அதுக்கப்புறம் பணத்தைத் தொடணும்.

பதினாறு கிலோமீட்டர்

அட்வான்ஸ் போடுறதுக்கு முன்னாடி ஆயுத பூஜை லீவு வந்துச்சு. லேப்டாப்புக்கு பொட்டு வச்சுட்டு, சனி ஞாயிறோட சேர்த்து அஞ்சு நாள், தெரிஞ்சவர் மூலமா ஒரு விவசாயி வீட்டுல தங்கப் போனேன். சாப்பாட்டுக்கு, பஸ்ஸுக்கு எல்லாம் சேர்த்து எனக்கு ஆன செலவு மூவாயிரத்துச் சொச்சம்.

அந்த அண்ணன் ஒற்றை நாற்று முறையில நெல் போட்டிருந்தார். கயிறு கட்டி, 25 சென்டிமீட்டருக்கு ஒரு நாற்றா சதுரம் சதுரமா நட்டது. இந்த முறையில களைக்கு கோனோ வீடர்னு ஒரு கருவி வச்சிருக்காங்க. நீளமான கைப்பிடி, முன்னாடி ஒரு மிதவை, நடுவுல பல்லு வச்ச ரெண்டு கூம்பு உருளை. மோட்டார் கிடையாது, டீசல் கிடையாது. வரிசைக்கு நடுவுல தள்ளி, கொஞ்சம் பின்னாடி இழுத்து, மறுபடி தள்ளணும். களை சேத்துக்குள்ளேயே அமுங்கி உரமாயிடும். மண்ணும் கிளறி விடப்படும். வீடியோவுல நான் பார்த்து மயங்குன அதே ரகம், மனுஷ சக்தியில ஓடுற மெஷின்.

முதல் வரிசை ஜாலியா இருந்துச்சு. மூணாவது வரிசையில தோள்பட்டை எரிய ஆரம்பிச்சது. அரை மணி நேரத்துல உள்ளங்கையில கொப்புளம். அதைவிட மோசம், நடுவுல ஒரு இடத்துல வரிசை லேசா கோணலா இருந்துச்சு, நான் கவனிக்காம தள்ளினதுல நாலஞ்சு நாற்று போச்சு. அண்ணன் திட்டல. கரையில நின்னு சிரிச்சார். "மெஷின் வாங்குறது சுலபம் தம்பி. இது ஓடணும்னா நடவு அன்னைக்கே கோடு பிடிச்சு நட்டிருக்கணும். அந்த மாதிரி நட வைக்கிற ஆளுக்குத்தான் செலவு."

இந்த ஒரு வாக்கியம் நான் பார்த்த எந்த வீடியோவுலயும் இல்ல. அந்தக் கருவியோட பலன் களை எடுக்கிற நாள்ல முடிவாகுறதில்ல, அதுக்குப் பத்து பன்னிரண்டு நாளுக்கு முன்னாடி நடவு அன்னைக்கே முடிவாயிடுது.

அன்னைக்கு ராத்திரி திண்ணையில உட்கார்ந்து போன்ல கணக்குப் போட்டேன். ஒரு ஏக்கர்னா 4,047 சதுர மீட்டர். 25 சென்டிமீட்டருக்கு ஒரு வரிசைன்னா மொத்த வரிசையோட நீளம் 16 கிலோமீட்டருக்கு மேல. நடக்கிறது இல்ல, சேத்துல, முழங்கால் வரைக்கும் மண்ணோட, தள்ளி இழுத்து 16 கிலோமீட்டர். சதுரமா நட்டா குறுக்குவாக்குலயும் தள்ளணும், அப்போ 32. நட்டு பத்து பன்னிரண்டு நாள்ல ஆரம்பிச்சு, பத்து நாளைக்கு ஒரு தடவைன்னு நாற்பதாவது நாள் வரைக்கும் இதைத் திரும்பத் திரும்பச் செய்யணும். தேதி தள்ளிப் போச்சுன்னா களை முந்திக்கும், அப்புறம் வீடர் உள்ளேயே போகாது.

"களை எடுப்பு – நானே – ரூ.0."

மூணாவது நாள் அண்ணன் தன்னோட வரவு செலவு நோட்டைக் காட்டினார். கூலி, கூலி, கூலின்னு பக்கம் பக்கமா. நான் ஜீரோ போட்ட இடத்துல எல்லாம் அவர்கிட்ட ஒரு தொகை இருந்துச்சு. ஊருக்குத் திரும்பி அந்த எக்செல்லைத் திருத்தினப்போ, முதல் வருஷ லாபம்னு நான் போட்டிருந்தது முதல் வருஷ நஷ்டமா மாறிடுச்சு. புரோக்கருக்குப் போன் பண்ணி வேண்டாம்னு சொன்னேன். இன்னொரு பார்ட்டி இன்னும் வந்து நின்னுக்கிட்டிருக்குதான்னு தெரியல.

மூவாயிரம் ரூபாயும் கொப்புளமும் சேர்ந்து காப்பாத்தினது என் நாலரை வருஷ பி.எஃப்.

ஒரே கால், ரெண்டு கணக்கு

சரி, நிலம் பெரிய விஷயம். நம்மள்ல நிறைய பேர் வாடகை வீட்டுல, மூணாவது மாடியில இருக்கோம். அங்க இந்த ஆசை வேற ரூபத்துல வரும். "வீட்டுல உடற்பயிற்சி சைக்கிளை மிதிச்சு கரண்ட் எடுக்கலாம், இபி பில் மிச்சம்." இதுக்கும் கிட் விக்கிறாங்க. வாங்க, கணக்குப் போடுவோம்.

விளையாட்டு வீரர் இல்லாத சாதாரண ஆள் ஒரு மணி நேரம் தொடர்ந்து மிதிச்சா சராசரியா 75ல இருந்து 100 வாட் குடுக்க முடியும். நாம தாராளமா 100ன்னே வச்சுப்போம். ஒரு மணி நேரத்துக்கு 0.1 யூனிட். டைனமோ, பேட்டரி, இன்வெர்ட்டர்ல போற நஷ்டத்தைக்கூட விட்டுடுவோம். யூனிட்டுக்கு பத்து ரூபாய்னு அதிகமாவே வச்சாலும், ஒரு மணி நேரம் வியர்க்க வியர்க்க மிதிச்சதுக்கு உங்க சம்பாத்தியம் ஒரு ரூபாய். அந்த வேலைக்கு உடம்பு எரிக்கிறது கிட்டத்தட்ட 350 கலோரி. முடிச்சுட்டு நாலஞ்சு இட்லி சேர்த்துச் சாப்பிடுவீங்க. ஹோட்டல்ல அது என்ன விலைன்னு உங்களுக்கே தெரியும்.

இப்போ அதே காலை, அதே ஒரு மணி நேரத்தை, ரோட்டுல ஓடுற சைக்கிள்ல வைங்க. சமதளத்துல 15 கிலோமீட்டர் போயிடலாம். அதே தூரத்தை லிட்டருக்கு 45 கொடுக்கிற பைக்ல போனா, பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய்னு வச்சா, 33 ரூபாய். கரண்ட் எடுத்தா ஒரு ரூபாய், நேரா சக்கரத்துக்குக் குடுத்தா முப்பத்து மூணு ரூபாய்.

இதுலதான் விஷயம் இருக்கு. மனுஷ சக்தியை கரண்டா மாத்தி, திரும்ப வேலையா மாத்துறது வீண். நேரடியா ஒரு வேலையில இறக்கினா அது இன்னைக்கும் கணக்குக்கு நிக்கும். சைக்கிள் அப்படி. கால்ல மிதிக்கிற தையல் மெஷின் அப்படி. ஆரோவில் மண் கட்டுமான நிறுவனத்தோட ஆரம் 3000னு ஒரு பிரஸ் இருக்கு, ஆளே கைப்பிடியைப் பிடிச்சு இழுத்து மண் கல்லை அழுத்தி எடுக்கலாம், சூளையில சுட வேண்டியதில்ல. அதுவும் அப்படித்தான்.

இடம் பொருந்தணும்கிறது இன்னொரு விஷயம். வீடியோவுல வர்ற மிதி பம்ப் பொய் இல்ல. வங்கதேசத்துல 1970கள் கடைசியில கன்னர் பார்ன்ஸ்னு ஒரு நார்வேகாரர் உருவாக்கின மிதி பம்ப், அங்க சின்ன விவசாயிகள் லட்சக்கணக்குல வாங்கினது. ஆனா அது உறிஞ்சி எடுக்கிற பம்ப். நடைமுறையில ஏழு மீட்டர், அதாவது சுமார் 23 அடிக்குள்ள தண்ணி இருந்தாத்தான் இழுக்கும். 200 அடி போர் போட்டு வச்சிருக்கிற இடத்துல அதை வாங்கி வச்சா காலுக்கு உடற்பயிற்சி மட்டும்தான் மிச்சம்.

இன்னொன்னும் சொல்லிடுறேன், சிலருக்குப் பிடிக்காது. பாட்டி காலத்து ஆட்டுக்கல், அம்மிக்கல்னு உருகுறவங்க, ஒரு தடவை அரை கிலோ அரிசியை ஆட்டுக்கல்ல ஆட்டிப் பாருங்க. நான் ஊர்ல ஆட்டினேன். முக்கால் மணி நேரம் ஆச்சு, மாவும் நறநறன்னு இருந்துச்சு. அந்த மெஷினுக்குச் சக்தி குடுத்த மனுஷங்க எல்லாம் பெண்கள், அதுவும் சம்பளம் இல்லாம. கோவையில 1955ல பிறந்த வெட் கிரைண்டர் வீட்டுக்குள்ள வந்தப்போ எங்க பாட்டி ஏன் அதுக்குக் கற்பூரம் காட்டினாங்கன்னு அன்னைக்குத்தான் புரிஞ்சது. கையால செய்யறது எல்லாம் உயர்ந்ததுன்னு நான் சொல்லவே மாட்டேன்.

1929ல வந்த ஒரு நல்ல டெண்டர்

ஒரு மெஷினை வாங்கலாமா வேண்டாமான்னு எப்படி முடிவு பண்றது? இதுக்கு நான் பார்த்ததுலேயே சிறந்த லிஸ்ட் எந்த ஃபைனான்ஸ் புத்தகத்துலயும் இல்ல. 1929ல காந்தியோட அகில இந்திய நூற்போர் சங்கம் மேம்பட்ட ராட்டைக்கு ஒரு லட்சம் ரூபாய் பரிசு அறிவிச்சது. அந்தக் காலத்து ஒரு லட்சம்! நிபந்தனைகளைப் பாருங்க. கையாலயோ காலாலயோ, கிராமத்துச் சாதாரண குடிசையில இயக்கக்கூடியதா இருக்கணும். ஒரு பெண் பெரிய சிரமம் இல்லாம எட்டு மணி நேரம் வேலை செய்ய முடியணும். எட்டு மணி நேரத்துல 16,000 அடி நூல் வரணும். விலை 150 ரூபாய்க்கு மேல போகக்கூடாது. இருபது வருஷம் உழைக்கணும். பராமரிப்புச் செலவு வருஷத்துக்கு மெஷின் விலையில 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது.

கவனிச்சீங்களா? வாங்குற விலை, ஆயுள், வருஷ பராமரிப்பு, ஒரு நாள் உற்பத்தி, இயக்குறவங்க உடம்பு தாங்குமா, எல்லாமே இருக்கு. நாம போன் வாங்கும்போது இதுல எத்தனை கேட்கிறோம்? பரிசு யாருக்கும் போகல, நிபந்தனை அவ்வளவு கறார். பிற்பாடு நம்ம தமிழ்நாட்டு ஏகாம்பரநாதன் உருவாக்கினதுதான் அம்பர் சர்க்கா, பேரே அவர் பேர்ல இருந்து வந்தது.

காந்தியோட இதுல நின்ன இன்னொரு ஆள் நம்ம தொழிலுக்குப் பக்கத்து வீட்டுக்காரர். ஜே.சி. குமரப்பா, 1892ல தஞ்சாவூர்ல பிறந்தவர், லண்டன்ல படிச்ச கணக்குத் தணிக்கையாளர், ஆடிட்டர்! பம்பாய்ல நல்லா ஓடிக்கிட்டிருந்த தொழிலை விட்டவர். 1934ல ஆரம்பிச்ச அகில இந்திய கிராமத் தொழில் சங்கத்தை வார்தாவுல நடத்தி, செக்கு எண்ணெய், கைக்காகிதம், தாவர எண்ணெயில எரியிற விளக்குன்னு ஒவ்வொன்னையும் பட்டறையில செஞ்சு பார்த்தவர். கடைசிக் காலத்துல மதுரை மாவட்டம் டி. கல்லுப்பட்டியில இருந்தார். 'எகானமி ஆஃப் பெர்மனென்ஸ்' புத்தகத்துல அவர் சொல்ற ஒரு பிரிவு எனக்கு ரொம்பப் பிடிக்கும். நிலக்கரி, பெட்ரோல் மாதிரி எடுக்க எடுக்கக் குறையறது தேக்கி வச்ச இருப்பு. மரம், ஓடுற தண்ணி மாதிரி திரும்பத் திரும்ப வர்றது ஓட்டம். நம்ம பாஷையில சொன்னா, ஒன்னு எஃப்டியை உடைச்சுச் சாப்பிடுறது, இன்னொன்னு மாசச் சம்பளத்துல வாழ்றது. ஆடிட்டர் கண்ணு சும்மா இருக்குமா!

என் கணக்கு

அந்த அஞ்சு நாளுக்கு அப்புறம் நான் என்ன செஞ்சேன்? நிலம் வாங்கல. மூணு விஷயம் கத்துக்கிட்டேன்.

சைக்கிள் ஓட்ட ஆரம்பிச்சேன், ஆபீஸ் 5 கிலோமீட்டர்தான். தெருமுனைக் கடை தாத்தாகிட்ட ரெண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பஞ்சர் ஒட்டக் கத்துக்கிட்டேன். ட்யூபைத் தண்ணியில அமுக்கி குமிழி வர்ற இடம் பார்க்கிறது, உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறது, சொல்யூஷன் தடவினதும் அவசரப்பட்டு ஒட்டாம காய விடுறது. அந்தக் காய விடுறதுலதான் நான் மூணு தடவை கோட்டை விட்டேன். பம்போட சேர்த்து சாமான் 600 ரூபாய்.

அம்மாவோட பழைய மிதி மெஷினை ஊர்ல இருந்து கொண்டு வந்தேன். பெல்ட் மட்டும் மாத்தினேன். முதல் வாரம் முழுக்க சக்கரம் பின்னாடி சுத்தி நூல் சிக்கிக்கிட்டே இருந்துச்சு. "காலை முன்னும் பின்னும் ஒரே தாளத்துல வைடா, சைக்கிள் மாதிரி மிதிக்காதே"ன்னு அம்மா போன்லயே கோச்சிங். இப்போ பேன்ட் உயரம் குறைக்கிறது, ஜிப் மாத்துறது, தலையணை உறை எல்லாம் நானே.

மூணாவது சமையல்.

மாசச் செலவுல மொத்தம் எவ்வளவு குறைஞ்சதுன்னு பார்த்தா 3,500 ரூபாய். இதுல சமையல் மட்டும் 2,800. சைக்கிள் சுமார் 500. தையல் மெஷின் 200, அதுவும் பண்டிகை மாசத்துல. அதாவது பார்க்க அழகா இருக்கிற மெஷின் ரெண்டும் சேர்ந்து குடுத்தது 700, யாரும் ரீல்ஸ் போடாத சாம்பார் குடுத்தது 2,800. மறைக்காமச் சொல்லிடணும்னுதான் சொல்றேன். மாடியில உரம் தயாரிக்கிறதும் முயற்சி பண்ணினேன். காய்ஞ்ச இலை போடாம வெறும் காய்கறிக் கழிவைக் கொட்டினதுல நாத்தம் எடுத்து, ஹவுஸ் ஓனர் படியேறி வந்துட்டார். அந்தத் திட்டம் அதோட நின்னுச்சு.

ஆனா 3,500 ரூபாயோட உண்மையான வேலை வேற இடத்துல. ஆறு மாச எமர்ஜென்சி ஃபண்ட் வைக்கச் சொல்றோம் இல்லையா, குறைஞ்சபட்ச மாசச் செலவு 3,500 இறங்கினா அந்த ஃபண்டுல 21,000 ரூபாய் குறைவா இருந்தாலும் போதும். அதைவிட, திடீர்னு வேலை போச்சுன்னா "இன்னும் எதைக் குறைக்க முடியும்"னு கேட்டா எனக்கு இப்போ பதில் தெரியும். ஏற்கனவே குறைச்சு வாழ்ந்து பார்த்தாச்சு.

"ப்ரோ, என் ஒரு மணி நேரத்தோட மதிப்பு 250 ரூபாய், நான் ஏன் பஞ்சர் ஒட்டணும்?" இந்தக் கேள்வி வரும். மாசம் 50,000 சம்பளத்தை வேலை நேரத்தால வகுத்தா 250 வருது, சரிதான். ஆனா ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணியை உங்ககிட்ட இருந்து 250 ரூபாய்க்கு வாங்க யாராவது இருக்காங்களா? ஃப்ரீலான்ஸ் பண்றவங்களுக்கு இருக்காங்க, அவங்க தாராளமா பஞ்சரைக் கடையில ஒட்டட்டும். மத்தவங்க அந்த நேரத்தை விக்கிறதில்ல, ஸ்க்ரோல் பண்றோம். விக்காத சரக்குக்கு விலை போட்டு வச்சுக்கிட்டு நஷ்டக் கணக்கு எழுதக்கூடாது. அதே சமயம் எலெக்ட்ரிக் வயரிங், கேஸ் அடுப்பு ரிப்பேர், இதுல கை வைக்காதீங்க. அதுக்குத் தெரிஞ்ச ஆளுக்குக் காசு குடுக்கிறதுதான் சிக்கனம்.

கத்துக்க எங்க போறது? தையலுக்கு உங்க தெருவுலேயே போர்டு தொங்கும். சைக்கிளுக்கு கடை, கூட்டம் இல்லாத நேரமாப் பார்த்து டீயோட போங்க. விவசாயம், காளான், தேனீன்னா வேளாண் அறிவியல் நிலையங்கள்ல பயிற்சி நடக்குது. நாட்டுலேயே முதல் நிலையம் 1974ல புதுச்சேரியில ஆரம்பிச்சதுதான். கோவை வேளாண் பல்கலைக்கழகத்துல காளானுக்கும் தேனீக்கும் ஒரு நாள் கட்டணப் பயிற்சி உண்டு. மண் வீடு கனவுன்னா, ஆரோவில் மண் கட்டுமான நிறுவனத்துல பயிற்சி வகுப்பு நடத்துறாங்க, போய்க் கல்லை நீங்களே அழுத்திப் பாருங்க. நூறு கல்லு அழுத்தினப்புறம் அந்த வீடு எத்தனை சதுர அடி வேணும்னு உங்க கையே சொல்லும்.

நிலம்னா ஒரு நிபந்தனை. ஒரே ஒரு தடவை போகாதீங்க. நான் நல்ல வெயில் நாள்ல போனேன். "அடுத்து மழையில வா தம்பி, அப்புறம் அறுப்புக்கு வா, அப்புறம் நெல்லை விக்க என்கூட கொள்முதல் நிலையத்துல வந்து நில்லு. அதுக்கப்புறமும் நிலம் வேணும்னா நானே பார்த்துத் தர்றேன்"னு அண்ணன் கிளம்பும்போது சொன்னார்.

மழைக்குப் போயிட்டேன். தை மாச அறுப்புக்கு லீவு அப்ளை பண்ணியிருக்கேன், மேனேஜர் இன்னும் அப்ரூவ் பண்ணல. எக்செல்ல களை எடுப்பு வரியில இப்போ ஒரு தொகை இருக்கு. அறுப்புக் கூலி, மூட்டை ஏத்துறது, வண்டி வாடகை, இந்த மூணு கட்டமும் காலியாவே விட்டிருக்கேன்.